முதல் வரியில் மேயர்

"நம்ம டீம்ல எத்தனை பேருடி இருக்கோம்?" என்று கேட்டபடியே, அணியே 'புரொஃபே' என்று கூப்பிடும் பயிற்சியாளர் தெயோலிந்தா நகராட்சிக் கணினி அறைக் கதவை முழங்காலால் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தார். ஒரு கையில் தெரெரே என்னும் இலைப்பானத்துக்கான குளிர்நீர்க் குடுவை, மறு கையில் பழுப்பு உறை.

நீமியா திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "பதினெட்டு."

"இல்ல. ஒண்ணு. மேயர் மட்டும்."

உறைக்குள் இருந்த தாளை அவர் மேசைமேல் போட்டார். தாளின் உச்சியில் ஸ்பானிய மொழியில் ஒரே ஒரு வரி: 'நகராட்சி மேயர் தோன் எவுலாலியோ கன்யேத்தே'. அதற்குக் கீழே சுத்தமான வெள்ளை. தலைப்பு இல்லை, ஆட்டக்காரிகளின் பெயர் இல்லை, குடியிருப்பு எண் இல்லை.

"இதை அப்படியேவா கொண்டுபோய்க் குடுத்தீங்க?"

"உறைய ஒட்டித்தானே குடுத்தே. நான் என்ன எக்ஸ்ரேயா? லீக் ஆபீஸ்ல கிரெசென்சியோ பிரிச்சாரு, கண்ணாடியப் போட்டாரு, சத்தமாப் படிச்சாரு. 'யாசி பெண்கள் அணி. ஆட்டக்காரர்: எவுலாலியோ கன்யேத்தே. வேற யாரும் இல்லை.' அப்புறம் என்னைப் பார்த்து, 'இவரு ஃபார்வர்டா, டிஃபென்ஸா?'ங்கறாரு."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"தேர்தல் நேரத்துல ஃபார்வர்டு, மத்த நேரத்துல பெஞ்சுன்னேன். மனுஷன் சிரிக்கல. பெண்கள் லீக்ல ஆம்பள ஆடக்கூடாதுன்னு விதிப் புத்தகத்த எடுத்துக் காட்டறாரு. பன்னண்டு மணிக்குள்ள சரியான பட்டியல் வரலைன்னா ஞாயித்துக்கிழமை ஃபைனல் இல்ல, எதிர்ப் பார்ட்டிக்குச் சும்மாவே கோப்பை."

சுவர்க் கடிகாரம் பதினொன்றுக்குப் பத்து நிமிடம் என்றது. பன்னிரண்டு என்றால் பன்னிரண்டுதான். தோன் கிரெசென்சியோ லீக் அலுவலகத்தை அடைத்துவிட்டு மதியத் தூக்கத்துக்குப் போய்விட்டால், இடி விழுந்தாலும் நான்கு மணிக்கு முன்னால் எழுந்திருக்க மாட்டார். கையால் எழுதிக்கொடுத்தாலும் வாங்க மாட்டார். போன வருடம் பக்கத்து ஊர் அணி ஒன்று, எல்லைக்கு அந்தப் பக்கத்திலிருந்து மூன்று பேரைக் கூட்டிவந்து உள்ளூர்க்காரிகள் என்று கையால் எழுதிக்கொடுத்தது. அன்றிலிருந்து நகராட்சிக் கணினி அச்சிட்ட குடியிருப்புப் பட்டியல் மட்டும்தான் செல்லும்.

நீமியா அந்தத் தாளை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். இந்த நகராட்சியின் ஒரே நிரல் எழுதுபவள் அவள். யாசி அணியின் ஒரே கோல்கீப்பரும் அவள்தான். பதினொரு வருடமாக வலைக்கு முன்னால் நிற்கிறாள். முப்பத்தாறு வயது, இடது முழங்காலில் பட்டை. இறுதி ஆட்டம் என்ற ஒன்றை அவள் இதுவரை கயிற்றுக்கு வெளியே நின்றுதான் பார்த்திருக்கிறாள். இந்த ஞாயிறு உள்ளே நிற்க வேண்டியது. அதை அவளே எழுதிய நிரல் கெடுத்திருக்கிறது.

"பிரின்டர்ல மை தீர்ந்துபோச்சோ?" என்றார் தெயோலிந்தா.

"மை தீர்ந்தா மேயரும்தான் மங்கியிருக்கணும். அவரு பளிச்னு இருக்காரே."

அச்சுக்குப் போகும் கோப்பைத் திறந்தாள். அதன் அளவு நாற்பத்தொரு பைட். அந்த எண்ணைப் பார்த்ததும் இந்த நெருக்கடியிலும் அவளுக்கு ஒரு சின்ன சந்தோஷம் வந்தது. அவள் குணம் அப்படி. அந்த ஸ்பானிய வரியில் எழுத்தும் இடைவெளியும் சேர்த்து முப்பத்தொன்பது, வரி முடிவுக்கு ஒன்று, ஆக நாற்பது. கன்யேத்தேயின் நடுவில் தலையில் அலைக்கோடு போட்ட ஒரு எழுத்து இருக்கிறது. அது மட்டும் இரண்டு பைட் பிடிக்கும். ஆக நாற்பத்தொன்று. கோப்பில் மேயர் முழுசாக இருக்கிறார், ஒரு துளிகூட மிச்சமில்லாமல். மேயரைத் தவிர வேறு எதுவும் இல்லை.

அப்படியானால் அச்சு இயந்திரத்தின்மேல் தப்பில்லை. கோப்பில் எழுதும்போதே ஏதோ நடந்திருக்கிறது.

"செவ்வாக்கிழமை ப்ராக்டிஸுக்குப் போனேனே, அப்ப யாராவது என் நிரலத் தொட்டாங்களா?"

பதில் வாசலிலிருந்து வந்தது. "நான்தான் ஒரு வரி சேர்த்தேன். ஏன், நல்லா இல்லையா?"

ஓஸ்மார் நின்றுகொண்டிருந்தான். மேயரின் அக்கா மருமகன், மேயரின் ஆலோசகர். அந்தச் செம்மண் ஊரில் எந்நேரமும் பளபளக்கும் காலணி போடுகிற ஒரே ஆள். தலைநகரில் மூன்று வாரக் கணினிப் பயிற்சி முடித்தவன். புது மேயர் வந்தால் பேருந்து நிழற்குடை, குப்பைத் தொட்டி, பள்ளிக்கூடத் தண்ணீர்த் தொட்டி என எல்லாவற்றிலும் அவர் பெயரை எழுதுவது கரந்தாய்த்தி ஊரில் வழக்கம்தான். மிஞ்சியிருந்தது கணினி அச்சிடும் தாள்கள் மட்டும். அந்தக் குறையையும் ஓஸ்மார் தீர்த்துவைத்திருக்கிறான்.

"பரிசோதிச்சுப் பார்த்தியா தம்பி?" என்றார் தெயோலிந்தா.

"பின்ன? அச்சடிச்சுப் பார்த்தேன். மாமா பேரு அருமையா வந்துச்சு."

"கீழ?"

"கீழ எதுக்குப் பாக்கணும்? கீழ நான் எதையும் தொடலியே."

அந்த நேரம் முன்கூடத்திலிருந்து ஒரு குரல் கேட்டது. நேற்றிலிருந்து நடையாய் நடக்கும் மாட்டுக்காரர். "அம்மணி, என் மாட்டுச் சீட்டு என்னாச்சு? இதுல மேயர் பேரு மட்டும் இருக்கு. செக்போஸ்ட்ல மாடு மேயரோடதுன்னு சொல்லி நிழல்ல கட்டி, தண்ணி காட்டி, எனக்குக் குடுக்க மாட்டேங்கறாங்க."

"மாடு பத்திரமாத்தானே இருக்கு?" என்றான் ஓஸ்மார்.

"என்னைவிட நல்லாருக்கு."

நீமியா அதைக் காதில் போட்டுக்கொள்ளாமல் நிரலுக்குள் போனாள். முதலில் அவள் சந்தேகப்பட்டது ஊர்மொழி அமைப்பை. சி மொழியில் எழுதிய நிரல் பிறக்கும்போது எந்த ஊர் எழுத்தும் தெரியாத பிள்ளை. தொடக்கத்திலேயே, நீ இன்ன நாட்டில் இருக்கிறாய், இன்னின்ன எழுத்து இங்கே புழங்கும் என்று சொல்லிவைக்க வேண்டும். சொல்லாவிட்டால் முதல் அலையெழுத்து வந்ததும் திகைத்து நின்றுவிடும். ஆனால் அந்த வரி இருக்க வேண்டிய இடத்தில் சமர்த்தாக இருந்தது.

அடுத்து அவள் செய்ததை எல்லோரும் செய்ய வேண்டும், ஆனால் யாரும் செய்வதில்லை. இந்த நிரலை எழுதியபோது அவளும் செய்யவில்லை. கோப்பில் எழுதச் சொல்லும் ஒவ்வொரு கட்டளையும் வேலை முடிந்ததும் ஒரு எண்ணைத் திருப்பிக் கொடுக்கும். எழுதிவிட்டேன் என்றால் ஓர் எண், முடியவில்லை என்றால் வேறோர் எண். அது கத்தாது, மணியடிக்காது. எண்ணை வைத்துவிட்டுப் போய்விடும். பார்க்காதவருக்கு எல்லாம் நன்றாக நடந்ததுபோலவே இருக்கும். அந்த எண்களை ஒவ்வொன்றாகத் திரையில் காட்டச் சொன்னாள்.

மேயர் வரி: நாற்பத்தொன்று. தலைப்பு: கழித்தல் ஒன்று. முதல் ஆட்டக்காரி: கழித்தல் ஒன்று. இரண்டாமவள்: கழித்தல் ஒன்று. பதினெட்டுப் பேரும் வரிசையாகக் கழித்தல் ஒன்று.

"பதினெட்டுப் பேரையும் வாசல்லயே நிறுத்தியிருக்கு," என்றாள் நீமியா.

"யாரு?"

"கோப்புதான்."

கடைசியாக ஒரு கேள்வி பாக்கி. கோப்பைப் பார்த்து, நீ எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறாய் என்று கேட்பதற்கென்றே சி மொழியில் எஃப்வைட் என்று ஒரு கட்டளை உண்டு. எழுத்தை வைக்க அகலம், பைட் என்று இரண்டு வழி; அகல எழுத்துப் பக்கம் என்றால் சுழிக்கு மேல் ஓர் எண் வரும், பைட் பக்கம் என்றால் சுழிக்குக் கீழ். இன்னும் எந்தப் பக்கமும் சாயவில்லை என்றால் வெறும் சுழி. மேயர் வரிக்கு முன்னால் கேட்டாள்: சுழி. வரிக்குப் பின்னால் கேட்டாள்: சுழிக்குக் கீழ்.

நீமியா நாற்காலியில் சாய்ந்தாள். "புரிஞ்சுபோச்சு."

"எங்களுக்கும் புரியற மாதிரி சொல்லு," என்று தெயோலிந்தா கொம்புக் கோப்பையில் இலையைக் கொட்டிக் குளிர்ந்த தண்ணீரை ஊற்றினார். மணி பதினொன்று பத்து. நேரம் இல்லாவிட்டாலும் தெரெரே இல்லாமல் எந்த விளக்கமும் ஏறாது என்பது அவர் கொள்கை.

நேரம் இல்லை என்று நீமியாவுக்கும் தெரியும். ஆனால் விளக்கச் சொல்லி யாராவது கேட்டால் அவளால் மறுக்க முடியாது.

"எழுத்தை வைக்க சி மொழியில ரெண்டு அளவுப் பெட்டி இருக்கு, புரொஃபே. சின்னது ஒரு பைட். ஸ்பானிய எழுத்து முக்கால்வாசி அதுல அடங்கிடும். நம்ம குவரானி மொழியில தலையில அலை போட்டுக்கிட்டு வர்ற எழுத்து அடங்காது. ரெண்டு, மூணு பெட்டில உடைச்சுத்தான் வைக்கணும். அப்படி வெச்சா எண்ணிக்கை தப்பிடும். பேரு இருபது இடம், கிராமம் இருபது இடம்னு கட்டம் போட்டா, அலை இருக்கற பேரு வந்த வரியெல்லாம் கோணிக்கும். ரெண்டு வருஷம் முன்னாடி கிரெசென்சியோ பட்டியலத் திருப்பியடிச்சது ஞாபகம் இருக்கா?"

"கட்டம் தண்ணியடிச்ச மாதிரி இருக்குன்னாரு."

"அதுக்குத்தான் எல்லாத்தையும் பெரிய பெட்டிக்கு மாத்தினேன். அகல எழுத்து. அலை இருந்தாலும் இல்லாட்டியும் ஒரு எழுத்துக்கு ஒரு பெட்டி. கட்டம் நேரா நிக்கும். ஆனா சின்னப் பெட்டிய எழுதற கட்டளை வேற, பெரிய பெட்டிய எழுதற கட்டளை வேற. ரெண்டு குடும்பம்."

"சண்டையா?"

"சண்டை இல்ல. ஒரே வீட்ல சேர்ந்து இருக்க மாட்டாங்க. அவ்வளவுதான்." நீமியா கோப்பையைக் காட்டினாள். "இந்த இலையில இப்ப குளிர்ந்த தண்ணி ஊத்தினீங்க, தெரெரே ஆச்சு. முதல்ல கொதிக்கற தண்ணிய ஊத்தியிருந்தா?"

"மாத்தே ஆகியிருக்கும். இலை வெந்துபோகும். அதுக்கு மேல குளிர்ந்த தண்ணிய ஊத்தினா நாய்கூடக் குடிக்காது."

"திறந்த கோப்பும் அந்த இலை மாதிரிதான். திறக்கும்போது அது ரெண்டுக்கும் பொது. முதல்ல விழற தண்ணிதான் தீர்மானிக்கும். முதல் எழுத்து பைட்டா விழுந்தா அது பைட் கோப்பு, அகலமா விழுந்தா அகலக் கோப்பு. அப்புறம் மாறாது. மாறணும்னா இலையக் கொட்டிட்டுப் புதுசாப் போடற மாதிரி, மூடிட்டு மறுபடி திறக்கணும்."

தெயோலிந்தா உறிஞ்சு குழலை வாயிலிருந்து எடுத்தார். மெதுவாகத் தலையைத் திருப்பி ஓஸ்மாரைப் பார்த்தார். "ஆக, நம்ம இலையில கொதிதண்ணி ஊத்தினவரு இவரு."

"நான் எழுதினது சரியான சி," என்றான் ஓஸ்மார். "பயிற்சில முதல் நாளே சொல்லிக்குடுத்த கட்டளை."

"சரியானதுதான் ஓஸ்மார்," என்றாள் நீமியா. அவள் கேலி செய்யவில்லை. "அது தனியா இருந்தா தங்கமான வரி. இங்க அது பைட் குடும்பம். முதல்ல போய் உக்காந்துடுச்சு. பின்னாடி வந்த அத்தனை பேரும் அகலக் குடும்பம். யாரையும் உள்ள விடல. சுலபமா சரி பண்ணலாம். உன் கட்டளைப் பேருக்கு நடுவுல ஒரு டபிள்யூ, மேற்கோள் குறிக்கு முன்னாடி ஒரு எல். ரெண்டே எழுத்து. உன் மாமாவும் அகலமாகிடுவாரு, முதல் வரியிலயே இருப்பாரு, எல்லாரும் பின்னாடி வருவாங்க."

அவள் விசைப்பலகையில் கை வைத்தாள்.

"தொடாதீங்க," என்றான் ஓஸ்மார்.

பையிலிருந்து ஒரு தாளை எடுத்தான். நகராட்சித் தீர்மானம், எண் பதினான்கு, முத்திரையோடு. போன மாதம் கணினித் திரையில் மேயர் பெயர் கண் சிமிட்டிக்கொண்டே இருக்கும்படி ஓஸ்மார் ஏதோ செய்துவைத்தான். மாட்டுச் சந்தை அன்று கூட்டத்துக்கு நடுவே கண் வலித்து, நீமியா அதை அழித்துவிட்டாள். அந்தக் காயத்துக்கு அவன் போட்ட கட்டுதான் இந்தத் தீர்மானம்.

"படிக்கிறேன், கேளுங்க. 'மேயரின் பெயரைத் தாங்கிய, ஆலோசகர் இயற்றிய வரியில் எந்த ஊழியரும் ஓர் எழுத்தைக்கூடச் சேர்க்கவோ, நீக்கவோ, மாற்றவோ கூடாது. மீறினால் பணிநீக்கம்.' நீங்க கேக்கறது ரெண்டு எழுத்து."

"தம்பி, ஃபைனல் போயிடும்பா," என்றார் தெயோலிந்தா.

"மாமாகிட்டக் கேட்டுச் சொல்றேன்." ஓஸ்மார் கைப்பேசியை எடுத்து அடித்தான். மறுமுனை மணி அடித்துக்கொண்டே இருந்தது. மேயர் ஆற்றங்கரையில் ஒரு விருந்துக்குப் போயிருந்தார். அங்கே கறி வெந்து முடியும்வரை யாரும் கைப்பேசியைப் பார்ப்பதில்லை. அவன் மறுபடி அடித்தான். நெற்றி வியர்த்திருந்தது. அவன் கெட்டவன் இல்லை, பயந்தவன். அந்த வரி ஒன்றுதான் அவன் இந்தப் பதவியில் செய்து முடித்த வேலை. அதையும் எடுத்துவிட்டால் காலணி மட்டும்தான் மிச்சம்.

மணி பதினொன்று முப்பத்தைந்து.

அந்த வரி இல்லாமல் புது நிரல் எழுதலாமா என்று நீமியா யோசித்தாள். அது நீக்குவது. மேயர் வரிக்குப் பின் கோப்பை மூடிவிட்டு மறுபடி திறக்கலாமா? திறந்தால் பட்டியல் முழுசாக வரும், மேயரும் இருப்பார். ஆனால் இந்தக் கோப்பு நகராட்சிப் பதிவேட்டோடு பூட்டப்பட்டது, ஒரு முறை மூடினால் அதற்கு எண் விழுந்துவிடும், மறுபடி திறக்க மேயர் கையெழுத்து வேண்டும். அவரோ கறிக்குப் பக்கத்தில் இருக்கிறார்.

"ஓஸ்மார், அந்தத் தீர்மானத்த இன்னொரு தடவ படி."

அவன் படித்தான். சேர்க்கவோ, நீக்கவோ, மாற்றவோ.

"வரி எங்க இருக்கணும்னு ஏதாவது சொல்லுதா?"

அவன் தாளைத் திருப்பிப் பின்பக்கமும் பார்த்தான். "எங்கன்னா?"

"மேலயா, கீழயா?"

"இல்ல. ஆனா மேலதான்னு எல்லாருக்கும் தெரியுமே."

"எல்லாருக்கும் தெரியறது தீர்மானத்துல இல்லையே," என்றார் தெயோலிந்தா. அவர் முப்பது வருடம் நடுவர்களோடு வாதாடியவர்.

நீமியா அந்த வரியை முழுசாக, கடைசி அரைப்புள்ளியோடு வெட்டி எடுத்தாள். பட்டியல் முடிந்து கோப்பை மூடும் இடத்துக்குச் சற்று மேலே ஒட்டினாள். ஓஸ்மார் அவள் தோளுக்குப் பின்னால் நின்று எழுத்தெழுத்தாகச் சரிபார்த்தான். எதுவும் குறையவில்லை, எதுவும் கூடவில்லை.

"நான் ஒண்ணு சொல்லிடறேன்," என்றாள் அவள். "இங்க வெச்சாலும் மாமா பேரு தாள்ல வராது."

"வரி அப்படியே இருக்கே, ஏன் வராது?"

"இப்ப முதல்ல அகலம் விழுது. கோப்பு அந்தப் பக்கம் சாஞ்சுடும். கடைசில பைட் குடும்பம் வந்தா கழித்தல் ஒண்ணுதான். வர வைக்கணும்னா அந்த ரெண்டு எழுத்து வேணும்."

ஓஸ்மார் தீர்மானத்தைப் பார்த்தான். திரையைப் பார்த்தான். கடிகாரத்தைப் பார்த்தான். "ஒரு எழுத்துகூடச் சேர்க்கக் கூடாது," என்றான், தான் வெட்டிய குழியிலேயே நின்றுகொண்டு.

அச்சு இயந்திரம் உறுமியது. தலைப்பு இரண்டு மொழியிலும் வந்தது. அதற்குக் கீழே பதினெட்டுப் பேர், கிராமம், குடியிருப்பு எண். அலை போட்ட எழுத்தெல்லாம் அலையோடு, கட்டங்கள் கயிறு பிடித்ததுபோல் நேராக. தாளின் கடைசியில், மேயர் இருக்க வேண்டிய இடத்தில், ஒன்றுமில்லை.

பதினொன்று ஐம்பதுக்கு இரண்டு பெண்களும் வெயில் கொதிக்கும் சதுக்கத்தைக் குறுக்கே ஓடிக் கடந்தார்கள். நீமியாவின் முழங்கால் பட்டை நழுவிக் கணுக்காலுக்கு வந்துவிட்டது. தோன் கிரெசென்சியோ சன்னல் கதவுகளில் பாதியை ஏற்கெனவே சாத்தியிருந்தார்.

"இந்தத் தடவ யாரு? ஆளுநரா?" என்று கண்ணாடியைப் போட்டார்.

ஒவ்வொரு பெயரையும் வாய்விட்டு, விரல் வைத்துப் படித்தார். ஒரு கிராமத்தின் பெயரில் நின்று, அலையை நகத்தால் தடவிப் பார்த்து, திருப்தியாகத் தலையசைத்தார். பன்னிரண்டாவது பெயரில் தும்மல் வந்து எண்ணிக்கை மறந்துபோய், மறுபடி முதலிலிருந்து தொடங்கினார். தெயோலிந்தா சுவரைப் பிடித்துக்கொண்டார்.

"பதினெட்டு. எல்லாரும் பொம்பளைங்கதானே?"

"போன ஞாயிறு வரைக்கும்," என்றார் தெயோலிந்தா.

முத்திரை விழுந்தது. பன்னிரண்டுக்கு இரண்டு நிமிடம். சன்னலின் மறு பாதியும் சாத்திக்கொண்டது.

அவர்கள் நிழலுக்கு வருவதற்குள் நீமியாவின் கைப்பேசி ஒலித்தது. மறுமுனையில் கரி வெடிக்கும் சத்தமும், யாரோ சிரிப்பதும், நடுவே மேயரின் கனத்த குரலும்.

"என்னம்மா, என் பேரு வரலைன்னு ஓஸ்மார் அழறான்."

"வரல, தோன் எவுலாலியோ. உங்க வரி இருக்கு. ஒரு எழுத்து மாறல. ஆனா தாள்ல வராது." அவள் பெட்டிகளைச் சொன்னாள், இரண்டு குடும்பத்தைச் சொன்னாள், இலையையும் தண்ணீரையும் சொன்னாள். அவர் குறுக்கிடாமல் கேட்டார். மெல்லும் சத்தம் மட்டும் வந்தது.

"இரு. அப்ப நான் முதல்ல போனா ஜனங்க யாரும் வர முடியாது. ஜனங்க முதல்ல போனா நான் வர முடியாது. அதானே?"

"ஆமா. நீங்களும் அவங்க மாதிரியே அகல எழுத்துல வந்தா எல்லாரும் வரலாம். ரெண்டு எழுத்து சேர்க்கணும். தீர்மானம் பதினாலு தடுக்குது."

"யாரு போட்ட தீர்மானம் அது?"

"கையெழுத்து உங்களுது."

மேயர் வாயிலிருந்த கறியை விழுங்கினார்.

"நாளைக்கு வந்து ரத்து பண்றேன். அந்த மாட்டுக்காரனுக்கு முதல்ல சீட்டுப் போட்டுக் குடு. யாரோ மாட்ட எனக்குக் காணிக்கையாக் குடுத்துட்டாங்கன்னு இங்க ஒருத்தன் கை குலுக்கறான்." அவர் தொண்டையைச் செருமினார். "சரி, என் இடத்துல இப்ப யாரு பேரு இருக்கு? முதல் பேரு?"

"என் பேருதான். கோல்கீப்பர்லேர்ந்துதான் பட்டியல் தொடங்கும்."

"ஓகோ." மறுபடி மெல்லும் சத்தம். "ஞாயித்துக்கிழமை நான் வர்றேன். நீ ஒரு கோல் விட்டாலும் போதும், என் பேரே அங்க இருந்திருக்கலாம்னு ஊர் பேசும். பார்த்துக்கோ."

"அவரு என்னடி சொல்றாரு?" என்றார் தெயோலிந்தா.

நீமியா குனிந்து முழங்கால் பட்டையை மேலே இழுத்து இறுக்கினாள். "நாலு மணி ப்ராக்டிஸை மூணு மணிக்கு வெச்சுக்கலாம், புரொஃபே."